விடுப்பு எடுத்து ஓடப்போன கணக்காளர்

இன்று மாலை மைதானத்தில் 800 மீட்டர் ஓடிய பையன் ஒருவன், கோட்டைத் தாண்டியதும் அப்படியே புல்லில் சரிந்தான். எழுந்து உட்காரவே நேரம் பிடித்தது.

எனக்கு எட்வின் ஃபிளாக் நினைவு வந்தது.

லண்டனில் கணக்காளராக இருந்த ஆஸ்திரேலியர். 1896இல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குப் போனார். ஏப்ரல் 7 அன்று 1500 மீட்டரில் முதலிடம். 9 அன்று 800 மீட்டரிலும் முதலிடம். அந்த ஒலிம்பிக்கில் முதலிடம் பெற்றவருக்கே வெள்ளிப் பதக்கம்தான்.

அப்புறம் மறுநாளே மாரத்தான்!

அவ்வளவு தூரம் அவர் அதற்கு முன் ஓடியதே இல்லை. ஒரு கட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் ஓடியவர், சில கிலோமீட்டர் மிச்சமிருக்கையில் நிலைகுலைந்து விழுந்தார்.

அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பளமோ விளம்பரமோ கிடைக்காத காலத்தில், ஓடும் ஆசைக்காகவே ஓடிய மனிதர். பிறகு ஊர் திரும்பி, அப்பாவின் கணக்கு நிறுவனத்தில் வேலையைத் தொடர்ந்தார்.