மகனுக்கு சுன்னத்து செஞ்ச கதை, ஊசி போட்டுத்தான்

பெரியவனுக்கு ஆறு வயசுலதான் சுன்னத்து செஞ்சோம். கிண்ணியாவுல எங்கட பக்கம் இது லேட்டு, மூணு வயசுலேர்ந்தே மாமி கேட்டுக்கொண்டே இருந்தாங்க, நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். எனக்குச் சின்னதுல வீட்டுலதான் ஒஸ்தா, அதாவது பரம்பரையா சுன்னத்து செய்றவர், வந்து செஞ்சார், மரக்கிற ஊசி ஒண்டும் இல்ல, ரெண்டு பேர் தொடையப் பிடிச்சிக்கொண்டு "மேல காகத்தப் பாரு" எண்டாங்க, பார்த்தேன், காகம் இல்ல. அந்த ஓட்டுக்கூரை இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. என்ட புள்ளைக்கு இந்தப் பொய் சொல்லமாட்டேன் எண்டு அப்பவே முடிவெடுத்திட்டேன்.

மச்சான் ஒருத்தர் எயிட்ஸ் வராது அதுக்காகவே செய்யலாம் எண்டு சொன்னார். தேடி வாசிச்சேன். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகண்டா மூணு நாட்டு ஆய்வுலயும் பொம்புளைட்டேர்ந்து ஆம்புளைக்கு எச்.ஐ.வி தொத்துறது 50லேர்ந்து 60 வீதமளவு குறைஞ்சிருக்கு, உண்மைதான், 2007ல உலக சுகாதார நிறுவனமும் நோய் கூடின நாடுகளுக்குச் சிபாரிசு செஞ்சது. ஆனா அந்த ஆய்வுகள்ல சேர்ந்தவங்கள்ல 15 வயசுக்குக் குறைஞ்ச ஒருத்தரும் இல்ல, விளங்கிக்கொண்டு ஓம் எண்டு சொன்னவங்க. இலங்கை அந்த நோய் கூடின நாடுகள்ல சேர்ந்ததும் இல்ல. ஆறு வயசுப் புள்ளைய எயிட்ஸ் பேரச் சொல்லி வெட்டுறது எனக்கு நியாயமாப் படல்ல. நான் செய்றது மார்க்கத்துக்காக, நாங்க பின்பற்றுற ஷாபி மத்ஹப்ல, அதாவது மார்க்கச் சட்டப் பிரிவுல, இது வாஜிப், கட்டாயக் கடமை, அத அப்படியே சொல்றேன்.

பாலம் கடந்து டவுனுக்குப் போய் சர்ஜன்ட்ட காட்டினோம். முதல்ல மூத்திரத் துவாரம் சரியான இடத்துல இரிக்குதா எண்டு பார்த்தார், அடிப்பக்கமா இருந்தா வெட்டவே கூடாதாம், பிறகு அத சரிப்படுத்த அந்தத் தோல்தான் தேவைப்படும். குடும்பத்துல யாருக்கும் ரத்தம் நிக்காத வருத்தம் இரிக்கா எண்டும் கேட்டார். எங்கட வீட்டுக்கு வந்த ஒஸ்தா இது ஒண்டும் கேட்டதில்ல.

முதல் நாள் ராத்திரி மகன் கேட்டான், "வாப்பா, நான் வேணாம் எண்டா?"

"இந்த லீவுல இல்ல, அடுத்த லீவுல" எண்டேன். வேணவே வேணாம் எண்டு சொல்ல விடுவேனா எண்டு அவன் கேட்கல்ல. கேட்டிருந்தா எனக்குப் பதில் இல்ல, அது இன்னும் நெஞ்சுல உறுத்துது.

மரக்கிற ஊசி போடக்குள்ள கத்தினான், பிறகு வெட்டினது தெரியவே இல்ல. வீட்டுல சாரன் காயத்துல படாம நடுவுல நூல் கட்டி மேல தூக்கி விட்டோம், மூத்திரம் போக எரிஞ்சா இளஞ்சூட்டுத் தண்ணி ஊத்தினோம். ரெண்டு கிழமையில சைக்கிள் ஓடினான்.

சின்னவனுக்கும் ஊசி இல்லாம ஒருத்தரையும் கிட்ட விடமாட்டேன், மாமிட்டயும் சொல்லிட்டேன்.