இரண்டு கிட்டார், ஒரு மரப்பெட்டி, நீண்ட சாலை

இருவராக வண்டியில் ஊர் ஊராகப் போய் ஃபோக் ராக் (நாட்டுப்புறப் பாணியும் ராக்கும் கலந்த இசை) பாடுபவர்கள், பயணப் பாட்டு என்றதும் வரிக்கு வரி மைல்கல், பெட்ரோல் பங்க், அந்தி வானம் என்று அடுக்கிவிடுகிறார்கள். பயணம் முதலில் தாளத்தில் கேட்க வேண்டும். கான்கிரீட் சாலையில் 5 மீட்டருக்கு ஓர் இணைப்பு இருந்து, வண்டி மணிக்கு 90 கி.மீ. போனால், டயர் வினாடிக்கு 5 முறை தட்டும். நிமிடத்துக்கு 300. நான்கு தட்டை ஓர் அடியாக எடுத்தால் 75 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 75 அடி. நடந்து போகிற வேகத்தில் ஒரு பாட்டுக்கு அருமையான இடம் அது. இருவரில் வண்டி ஓட்டாதவர் உடனே போனில் முனகிப் பதிவு செய்துவிட வேண்டும், சுருதியையும் வேகத்தையும் வாயால் சொல்லி. இரவு அறைக்குள் உட்கார்ந்து நினைவிலிருந்து எடுத்தால் வேகம் இறங்கிப்போயிருக்கும், பாட்டும் படுத்துவிடும்.

இருவர் மட்டுமே இசைக்கும் ஃபோக் ராக்கில் பேஸும் இல்லை, டிரம்ஸும் இல்லை. அதற்காக இரண்டு பேரும் ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை) ஒரே இடத்தில் அடித்தால் சத்தம்தான் கூடும். ஒருவர் கேப்போ (கழுத்தில் மாட்டித் தந்திகளை அழுத்தும் கவ்வி) இல்லாமல் ஜி கார்டு பிடிக்கட்டும். மற்றவர் 5வது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்) கேப்போ மாட்டி டி கார்டின் விரல் வடிவம் பிடிக்கட்டும். இரண்டும் ஜி மேஜர்தான், ஆனால் ஒன்று கீழே உறுமும், மற்றது மேலே மணியாக ஒலிக்கும். 7வது ஃப்ரெட் என்றால் சி வடிவம். கேப்போ ஃப்ரெட் கம்பியை ஒட்டியே உட்கார வேண்டும். விலகினால் தந்தி இழுபட்டுச் சுருதி ஏறும்.

ராக்கின் உதை காலில் இருக்கிறது, காலால் தட்டும் மரப்பெட்டியில். அந்தப் பெட்டிக்குள் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் ஒரு பியெஸோ பிக்கப் ஒட்டி, அந்தச் சமிக்ஞையை மிக்ஸருக்கு ஏற்றதாக்கும் டிஐ பாக்ஸ் வழியாக மிக்ஸருக்குக் கொடுத்தால் கிக் டிரம் தயார். தொல்லையும் இங்கேதான். அகௌஸ்டிக் கிட்டாருக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸில் அதிரும். பெட்டியின் உதையும் அந்தப் பக்கமே விழுவதால், ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வரும் ஒலி கிட்டாரை ஊளையிட வைக்கும். கிட்டார் சேனலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், கிட்டாரின் ஒலித்துளைக்கு ரப்பர் மூடி போடுங்கள், பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் விரியுங்கள். அப்புறமும் ஊளை நிற்கவில்லையா, ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானைத் திருப்பிப் பாருங்கள்.

கிட்டாரை வெயிலில் நிற்கும் காருக்குள் விடவே கூடாது. பசை இளகி, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் மரம் நிம்மதியாக இருக்கும். காற்று வறண்டால் ஃப்ரெட் முனைகள் விரலைக் கீறும், மேற்பலகை வெடிக்கும். ஈரம் மிஞ்சினால் பலகை உப்பி, தந்தி உயர்ந்து, விரல் நோகும்.

குரலைக் கெடுப்பது பெரும்பாலும் கச்சேரி அல்ல, அதற்கு முந்தைய ஆறு மணி நேரம் எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசியதுதான். கடைசி ஒரு மணி நேரமாவது வண்டிக்குள் இருவரும் பேசாமல் வாருங்கள்.