பழிக்கு அஞ்சிய ஊர்

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு காலையிலேயே உள்ளே போய்விடுவது நல்லது. மதியம் 12.30 வாக்கில் நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள்.

தரிசனம் முடித்துப் பொற்றாமரைக் குளத்தருகே உட்காருபவர்கள் திருவிளையாடற் புராணத்தின் 25, 26, 27-ஆம் படலங்களை நினைத்துக்கொள்ளலாம். மூன்றும் குலோத்துங்க பாண்டியன் காலத்துக் கதைகள். மூன்றிலும் பேச்சு குற்றமும் தண்டனையும்தான்.

முதலாவது பழியஞ்சின படலம். மதுரைக்கு வரும் வழியில் மனைவியை ஆலமரத்தடியில் விட்டுத் தண்ணீர் தேடிப் போகிறார் ஓர் அந்தணர். என்றோ எய்து கிளையில் சிக்கிக் கிடந்த அம்பு காற்றில் நழுவி அவள் வயிற்றில் பாய்கிறது. நிழலுக்கு ஒதுங்கிய வேடன் வில்லும் கையுமாக மாட்டிக்கொள்கிறான். பிணம், அம்பு, வில் எல்லாம் அவனுக்கு எதிராகப் பொருந்துகின்றன. அடித்துக் கேட்டும் அவன் பேச்சு மாறவில்லை. அதனாலேயே பாண்டியனுக்குச் சந்தேகம் வருகிறது. தீர்ப்பைத் தள்ளிவைத்துச் சொக்கநாதரிடம் முறையிடுகிறான். அசரீரி சொன்னபடி செட்டித்தெருக் கல்யாண வீட்டுக்கு அந்தணரையும் அழைத்துப் போகிறான். அந்த அம்பைக் காற்றால் விழவைத்ததுபோல மாப்பிள்ளையை மாடு முட்டவைப்போம் என்று எமதூதர் இருவர் பேசிக்கொள்கிறார்கள், அப்படியே நடக்கிறது. உண்மையை வழக்குத் தொடுத்தவரின் காதிலேயே விழவைத்தானே, அங்கேதான் பாண்டியனின் நீதி நிற்கிறது. வேடனை விடுவிக்கும்போது, செய்த கொடுமையைப் பொறுத்துக்கொள்ளும்படி அவனிடமே கேட்கவும் செய்கிறான்.

அடுத்தது மாபாதகம் தீர்த்த படலம். தாயைக் கூடித் தந்தையைக் கொன்றவனுக்கும் இங்கே கழுவாய் உண்டு, ஆனால் சும்மா கிடைப்பதில்லை. பிச்சையெடுத்து ஒருவேளை உண்ண வேண்டும், பசுக்களுக்குப் புல் பறித்துப் போட வேண்டும், 108 முறை அங்கப்பிரதட்சணம் செய்ய வேண்டும். ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுப் பாவம் போச்சு என்று கிளம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அங்கம் வெட்டின படலத்தில் மன்னிப்பே கிடையாது. குருபத்தினியிடம் முறைகேடாக நடந்த சீடனோடு இறைவன் கிழவாத்தியார் உருவில் வாட்போர் செய்கிறார். நினைத்த நெஞ்சு, பேசிய நாக்கு, தொட்ட கை, பார்த்த கண் என்று ஒவ்வொன்றின் குற்றத்தையும் சொல்லிச் சொல்லித்தான் வெட்டுகிறார்.

விசாரிக்காமல் கொடுத்த தண்டனையும் இந்த ஊர்க் கதைதான். சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகியைக் கும்பிடலாம். நடந்தே போகிற தூரம்.

சாட்சியே இல்லாத வழக்குகள் ஏறுகிற இடம் அழகர்கோயில். மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு. ராஜகோபுரத்தின் சாத்திய கதவைப் பார்த்துக் கோயில் பூட்டியிருக்கிறது என்று முதல்முறை வருகிறவர்கள் திரும்பிவிடுவதுண்டு. அந்தக் கதவே பதினெட்டாம்படிக் கருப்பசாமி. சிலை கிடையாது, சந்தனம் சாத்துவதும் மாலை போடுவதும் கதவுக்குத்தான். பெருமாளைச் சேவிக்கப் பக்கத்து வாசல் வழியாகப் போக வேண்டும்.

கொடுக்கல் வாங்கல், நிலத் தகராறு, களவு என்று ஊரில் தீராத வழக்குக்கு இங்கே வந்து சத்தியம் செய்வார்கள். பொய்ச் சத்தியத்துக்குக் கருப்பன் கேட்பான் என்ற பயத்தில், படி வரை வந்து பாதியில் ராசியாகிப் போவதும் நடக்கும். சித்திரையில் மதுரைக்குப் புறப்படும் அழகரும் இங்கே நின்று, போட்டிருக்கும் நகைக்கெல்லாம் கருப்பன் முன்னால் கணக்கு வாசித்துவிட்டுத்தான் மலையை விட்டு இறங்குகிறார்.