போகிக்கு முன் எட்டு நாள்

5 ஜனவரி 2025, ஞாயிறு

சுவருக்கு வெள்ளையடித்து, கூடத்தில் ஒட்டடை அடித்து, கண்ணில் படும் இடங்களை மட்டும் துலக்கிவிட்டுப் பொங்கலுக்குத் தயாராகிவிடும் நாங்கள், இம்முறை அடுப்பு மேடைக்கு அடியிலிருந்து தொடங்கினோம். சிலிண்டரை நகர்த்தியபோது, ரப்பர் குழாய் சுவரை ஒட்டி வளைந்திருந்த இடத்தில் எலியின் பல் தடம் தெரிந்தது. குழாயில் அச்சிட்டிருந்த ஆண்டு 2018. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை ஏழாம் ஆண்டிலும் பயன்படுத்திக்கொண்டிருந்திருக்கிறோம். கண்ணுக்குத் தெரிந்த பகுதியை அம்மா நாள்தோறும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்ததுதான் வேடிக்கை.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். அந்தத் தரையில்தான் சாக்குகளையும் பழைய செய்தித்தாள்களையும் அடைத்து வைத்திருந்தோம். எல்லாவற்றையும் அகற்றி, காற்று போக வழிவிட்டு, குழாய் மாற்றச் சொல்லி ஏஜென்சியில் பதிந்தேன். வாயு வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது, ரெகுலேட்டரை மூடிக் கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்த பிறகே வாயுக் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-ஐ அழைக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். "அணைப்பதில் என்ன வந்துவிடும்?" என்று கேட்டார். அணைக்கும்போதும் ஸ்விட்சுக்குள் பொறி பறக்கும் என்பது அவருக்குப் புதிய செய்தி.

8 ஜனவரி, புதன்

எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றினோம். தாளித்த எண்ணெயின் ஆவியும் தூசியும் சேர்ந்து இறுகிய பிசுக்கைக் கத்தியால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால், எழும் சுடருக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்காது. வாணலியை மூடும் அளவுள்ள தட்டு ஒன்றை மேடையருகே மாட்டிவைத்தேன். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால், அது நொடியில் ஆவியாகித் தீயை வீடு முழுக்கச் சிதறடித்துவிடும்.

11 ஜனவரி, சனி

பரண். ஸ்டவ் இருந்த காலத்து மண்ணெண்ணெய்த் தகரம், பெயின்டில் கலக்கும் தின்னர் பாதி பாட்டில், தீபாவளியில் மிஞ்சிய நமுத்த வெடிகள், எல்லாம் ஒரே மூலையில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

பிற்பகலில் எலக்ட்ரீஷியன் வந்தார். இஸ்திரிப் பெட்டி செருகும் ப்ளக்கைச் சுற்றிப் பழுப்பேறியிருந்ததை நான் அழுக்கென்று எண்ணித் துணியால் தேய்த்திருக்கிறேன். உள்ளே ஒயர் தளர்ந்து சூடேறியதன் அடையாளம் அது என்றார். 6 ஆம்பியர் ப்ளக்கை எடுத்துவிட்டு 16 ஆம்பியர் போட்டு, அதற்கேற்ற தடித்த ஒயரையும் இழுத்துக் கொடுத்தார். அடிக்கடி பியூஸ் போகிறதே என்று அப்பா நான்கைந்து இழைகளை முறுக்கிக் கட்டிய பழைய பியூஸ் கட்டையும் இன்று கழன்றது.

பூஜை அலமாரியில் விளக்கைத் தாம்பாளத்தில் வைத்து, திரைச்சீலையை எடுத்துவிட்டோம். எரியும் திரியை எலி இழுத்துப் போகும் என்று பாட்டி சொன்னதைக் கதையென்று நினைத்திருந்தேன். குழாயைக் கடித்த எலி வீட்டிலேயே இருக்கும்போது அப்படி நினைக்க முடியவில்லை.

13 ஜனவரி, திங்கள், போகி

விடியற்காலையில் கிழிந்த கோரைப்பாய்களையும் பழைய துடைப்பங்களையும் மட்டும், மின்கம்பிக்கும் எதிர்வீட்டுக் கீற்றுக் கொட்டகைக்கும் எட்டாத இடத்தில், பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீருடன் கொளுத்தினோம். தெருவில் சிலர் டயரையும் பிளாஸ்டிக்கையும் போட்டார்கள். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

எட்டு மணிக்குச் சாம்பல் ஆறிவிட்டது என்று அம்மா கூட்டப் போனார். குச்சியால் கிளறியபோது அடியில் செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. மேலும் இரண்டு வாளி ஊற்றினேன்.