அடைப்பு மடத்துல தங்கிப் பாக்கப் போறீங்களா, முதல்ல மணி அட்டவணையைக் கேட்டு வாங்கிடுங்க

ஒருவழியா கார்மேல் சபை அடைப்பு மடம் (வெளிய வராம உள்ளேயே செபத்துல வாழ்ற கன்னியாஸ்திரிங்க மடம்) ஒண்ணுல தங்கிட்டு வந்துட்டேன். செபத்தை விட அங்க போய்ச் சேர்றதுதான் பெரும்பாடு.

போன் அடிச்சா எடுக்க ஆளே இல்ல. அப்புறம்தான் புரிஞ்சது, காலைப் புகழ், பூசை, பகல்ல மூணு சின்னச் செபம், மாலைப் புகழ், இரவுச் செபம், வாசகச் செபம், அதுபோக இந்தச் சபையைச் சீர்திருத்தின புனிதை அவிலா தெரேசம்மாள் வச்ச வழக்கப்படி காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் மௌன தியானம், இத்தனைக்கும் நடுவுல போன் பக்கம் யார் வருவா? அந்த நேரத்தை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்னவாம்!

அடுத்து பேப்பர். தங்குறதுக்கு பங்குச் சாமியார் லெட்டர் போதும், அது உடனே கிடைச்சிருச்சு. நவசந்நியாசத்துல (துறவறப் பயிற்சிக் காலம்) சேரணும்னா ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், கல்யாணம் ஆகலைங்கிற சான்று மூணும் வேணும் (திருச்சபைச் சட்டம் 645). சரி, கையோட வாங்கி வச்சுக்கலாம்னு போனா பங்கு ஆபீஸ் கிளர்க், "கன்னியாஸ்திரி ஆக எதுக்கும்மா கல்யாண சர்ட்டிபிகேட்டு?"ன்னு சிரிச்சுக்கிட்டே வெறும் ஞானஸ்நான காப்பியைக் குடுத்து அனுப்பிட்டாரு. ஞானஸ்நானப் புத்தகத்துலயே உறுதிப்பூசுதல், கல்யாணம் எல்லாம் குறிச்சிருக்கணும், அந்தக் குறிப்போட புது காப்பி கேளுங்க, இல்லாட்டி இன்னொரு அலைச்சல்.

கோயில்ல நமக்கு கிராதிக்கு (கம்பித் தடுப்பு) இந்தப் பக்கம்தான் இடம், அந்தப் பக்கத்துல இருந்து சிஸ்டர்ங்க குரல் மட்டும் வரும். விருந்தினர் அறையில வச்சிருந்தது பழைய கட்டளைச் செபப் புத்தகம் (மணிக்கு மணி சொல்ற செபங்கள் இருக்கிறது). 1963ல இரண்டாம் வத்திக்கான் சங்கம் எடுத்துட்ட ப்ரைம்ங்கிற காலைச் செபம் கூட அதுல இருக்கு, சங்கீத நம்பரும் பழசு, அவங்க 119 பாடுனா நமக்கு 118. இப்ப சங்கீதங்கள் நாலு வாரச் சுற்று வேற, எது எந்த வாரம்னு யாரும் வாயைத் திறக்கல. தங்கப் போறவங்க புது திருப்புகழ்மாலையை (அதே செபப் புத்தகத்தோட இப்போதைய வடிவம்) நீங்களே கொண்டு போங்க, எந்த வாரம்னு வாசல் சிஸ்டர்கிட்ட முதல்நாளே கேட்டு ரிப்பனை வச்சிருங்க. கடைசியில மாலைப் புகழ்ல மரியாவின் பாடலுக்கு அவங்களோட சேர்ந்து நானும் டக்குனு எந்திரிச்சேன் பாருங்க, அப்ப வந்த சந்தோஷம் இருக்கே!

இன்னொண்ணு, இரவுச் செபம் முடிஞ்சா பெரிய மௌனம், யாரும் பேச மாட்டாங்க, போர்வை தண்ணி எது வேணும்னாலும் அதுக்கு முன்னாடியே கேட்டுக்கங்க.

ஆஸ்பிரன்ட்டா (மடத்துல சேர முதல் படி) வர்றியான்னு மதர் கேட்டிருக்காங்க. 2018 ரோம் விதிப்படி நித்திய வார்த்தைப்பாடு (சாகுற வரைக்கும் துறவியா இருப்பேன்கிற உறுதிமொழி) வரைக்கும் குறைஞ்சது 9 வருஷம். இப்போதைக்கு மெடிக்கல் சர்ட்டிபிகேட் வேணுமாம், திரும்ப கியூவுல நிக்கணும்.