வெள்ளை மட்டும் வெந்த மாடு

பர்கூர் மலைமாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செம்பழுப்பு உடம்பில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகளாக இருக்கும். அந்தியூரிலிருந்து மலையேறிக் கால்நடை மருத்துவராக அங்கே பணியில் சேர்ந்த முதல் கோடையில், அப்படி ஒரு பசுவுக்கு வெள்ளைத் திட்டுகள் மட்டும் வெந்துபோயிருப்பதைப் பார்த்தேன். தோல் தடித்து வெடித்து, ஓரத்தில் காய்ந்த பட்டை மாதிரி உரிந்திருந்தது. ஒரு விரல் தள்ளி, செம்பழுப்புத் தோலில் ஒரு கீறல்கூட இல்லை. நிறம் மாறும் இடத்தில் புண்ணும் நின்றுவிட்டது.

"ஏனுங்க டாக்டரம்மா, கோமாரிங்களா?" என்று கேட்டார் பட்டிக்காரப் பெரியவர். வாயைத் திறந்து பார்த்தேன், நாக்கில் கொப்புளம் இல்லை. குளம்பு இடுக்கிலும் புண் இல்லை. இமையைக் கீழே இழுத்தால் உள்பக்கம் நல்ல மஞ்சள். சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போயிருந்தது. சாணம் காய்ந்த உருண்டைகளாகக் கிடந்தது. இடது பக்கம் விலாவுக்குப் பின்னால் முஷ்டியை அழுத்தி வைத்துக் காத்திருந்தேன். நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது புரள வேண்டிய வயிறு, அசைவில்லாமல் கிடந்தது. பசு மரநிழலை விட்டு வர மறுத்தது. "வெயிலே ஆவறதில்லீங்க, இழுத்தாலும் வராதுங்க" என்றார்.

வெயில் ஆகவில்லை என்ற அந்த ஒரு சொல் போதும். லான்டானா என்கிற உண்ணிச்செடியைத் தின்ற மாடு.

என்ன நடக்கிறது என்று பெரியவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். உண்ணி இலையில் லான்டடீன் என்ற நச்சு இருக்கிறது. அது ஈரலுக்குப் போய்ப் பித்தநீர் இறங்குவதைத் தடுத்துவிடும். மாடு தின்னும் எந்தப் பச்சையிலும் உள்ள பச்சையம் வயிற்றில் சிதைந்து ஒரு பொருளாக மாறும். சாதாரணமாக அது பித்தநீரோடு வெளியே போய்விடும். வழி அடைபட்டால் ரத்தத்தில் கலந்து தோலுக்கு வந்து சேர்கிறது. அதன்மேல் வெயில் பட்டதும் தோல் வேகிறது. நிறமுள்ள தோல் வெயிலை மறித்துவிடும், வெள்ளைத் தோலால் முடியாது. ஆக, புண் தோலில் இருந்தாலும் நோய் ஈரலில். களிம்பு மட்டும் தடவிக்கொண்டிருந்தால் மாடு போய்விடும்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. வயிறு அசைவை நிறுத்திவிடுவதால், தின்ற இலை அங்கேயே தங்கி, நாள் கணக்கில் நச்சை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் மேய்ச்சலை நிறுத்தி ஒரு வாரம் ஆன பிறகும் மாடு தேறாது. நச்சை ஈர்த்துப் பிடிக்க, பதப்படுத்திய மருந்துக் கரியைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் என்பது கணக்கு. 250 கிலோ பசுவுக்கு ஒன்றேகால் கிலோ கரி! மலையில் அவ்வளவு கரியைக் கையிருப்பில் வைத்திருப்பது பெரும்பாடு. கரியோடு குளுக்கோஸ், ஈரலுக்கு ஊசி, முக்கியமாக இருட்டுக் கொட்டகை. அந்தப் பசு பிழைத்தது. காதோரம் மட்டும் கருகி உதிர்ந்தது.

செடியை அடையாளம் காண்பது சுலபம். தண்டு நான்கு பட்டையாக இருக்கும், வளைந்த சிறு முட்கள் துணியைப் பிடித்து இழுக்கும். இலைகள் எதிரெதிராக இருக்கும், தடவினால் சொரசொரப்பு, கசக்கினால் மூக்கில் ஏறும் நெடி. பூங்கொத்தை நெருங்கிப் பார்த்தால் நடுவில் இருப்பவை மஞ்சள், ஓரத்தில் இருப்பவை ஆரஞ்சு, சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு. மலரும்போது மஞ்சளாக இருந்து, நாள் ஆக ஆக நிறம் மாறுகிறது. வண்ணத்துப்பூச்சிகள் தேன் உள்ள மஞ்சளைத்தான் தேடிப் போகும். பழுத்துக் கறுத்த பழத்தை மலைப்பிள்ளைகள் தின்பார்கள். பச்சைக் காயைப் பிள்ளைகள் தின்ன விடக் கூடாது.

ஆனால் செடியைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, மாட்டுக்கு அது எப்போது உணவாகிறது என்று தெரிய வேண்டும். மலையிலேயே பிறந்த மாடு உண்ணியை முகர்ந்துவிட்டு விலகிப் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என்னிடம் வந்தவை பெரும்பாலும் கீழ்நாட்டில் கட்டிப் போட்டு வளர்த்து, புதிதாகப் பட்டிக்கு வந்தவை, இல்லாவிட்டால் புல் காய்ந்த பங்குனி, சித்திரையில் பசியோடு திரிந்தவை. 'மிதமான நச்சு' என்று இதை வகைப்படுத்துகிறார்கள். இரண்டு வாய் கடித்தால் ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் பக்கத்தில் வேறு தீனி இருக்கும்வரைதான் அது மிதம். அந்த வேறு தீனியை இல்லாமல் ஆக்குவதே இந்தச் செடிதான் என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. புதராக மூடிக்கொண்டால் அடியில் வெயில் இறங்காது, புல் செத்துவிடும். மாடு, கடமான், யானை எல்லாமே அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன.

அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதியில் பிறந்த செடி இது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் பூவின் அழகுக்காகத் தோட்டத்தில் வைக்கக் கொண்டுவந்தார்கள். மைனாவும் கொண்டைக்குருவியும் பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் சேர்த்தன. பிறகு பூச்சி விட்டு ஒழிக்கப் பார்த்தார்கள். 1921இலேயே பழத்தைத் தாக்கும் ஒரு சிறு ஈயை இறக்குமதி செய்தார்கள். செடி அசரவில்லை. தமிழ்நாடு அரசு 2022இல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்கத் தனிக் கொள்கையே வெளியிட்டது. பக்கத்து மாதேஸ்வரன் மலையில் சோளகர் பழங்குடியினர் உண்ணிக் குச்சியை வேகவைத்துப் பட்டை உரித்து, நாற்காலியும் மேசையும் செய்கிறார்கள். நல்ல வேலைதான், கைக்குக் காசும் வருகிறது. ஆனால் குச்சியை மட்டும் வெட்டி எடுத்தால் அடிக்கட்டை மறுபடி தழைக்கும். எரித்தாலும் அப்படியே.

வேரோடு எடுக்க ஒரு முறை இருக்கிறது. டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு உருவாக்கியது. தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, தண்டு வேராக மாறும் இடத்துக்கும் அடியில் மண்வெட்டியால் ஒரே வெட்டு. புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். மண்ணைப் பெரிதாகக் கிளற வேண்டியதில்லை. கிளறினால் உள்ளே கிடக்கும் விதையெல்லாம் முளைக்கும். பூத்துக் காய்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

பெரியவரின் பட்டியைச் சுற்றி இந்த முறையில் எடுத்துப் பார்த்தோம். முதல் மழைக்குப் புல்லை விட உண்ணி நாற்றுகள்தான் அதிகம் வந்தன, அதுவும் பறவைகள் உட்காரும் மரத்தடியில். "இதுக்கு ஒரு முடிவே இல்லீங்களா?" என்று சலித்துக்கொண்டார். நாற்றாக இருக்கும்போது இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம், அடுத்தடுத்த மழைக்கும் விடாமல் பிடுங்க வேண்டும் என்றேன். அவர் வீட்டுப் பிள்ளைகள் மரத்தடியைப் பார்த்துக்கொள்கிறார்கள். கீழிருந்து புது மாடு வாங்கினால், சோளத்தட்டு போட்டு வயிற்றை நிரப்பிய பிறகுதான் காட்டுக்கு ஓட்ட வேண்டும் என்று மற்றப் பட்டிக்காரர்களுக்கும் இப்போது அவரே சொல்கிறார்.