உஸ்தாத் அருளிய நான்கு கிலோமீட்டர்

புணேயில் ராணுவ மருத்துவ மாணவனாக இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, அடுத்து வரும் ஜனவரியில் மும்பை மாரத்தானில் 42.195 கிலோமீட்டர் முழுத் தூரமும் ஓடிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கான பயிற்சியை, ஓட்டத்தைத் தண்டனையாக மட்டுமே அறிந்த ஓர் இடத்தில் தொடங்குகிறோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் வளாகத்தில் ஒருவன் ஓடுகிறான் என்றால், அவன் ஏதோ தவறு செய்திருக்கிறான் என்று பொருள். பூட்ஸ் பாலிஷ் மங்கியிருந்தால் ஐந்து சுற்று, அணியில் வந்து நிற்கும் ஃபால்-இன்னுக்குத் தாமதமாக வந்தால் பத்துச் சுற்று, அணியில் நிற்கும்போது மூக்கைச் சொறிந்தால் உஸ்தாதின் அன்றைய மனநிலை அளவுக்குச் சுற்று. டிரில் கற்றுத்தரும் ஹவில்தாரைத்தான் உஸ்தாத் என்று அழைப்போம். அவர் 'தௌட் கே சல்' என்று ஒரு குரல் கொடுத்தால் மைதானத்தின் மறுகோடியில் இருக்கும் காக்கைகள்கூட நடையை நிறுத்திவிட்டு ஓடத் தொடங்கும்.

காலை ஆறு மணிக்கு உடற்பயிற்சி, எட்டு மணி முதல் வகுப்பு, பிறகு வார்டு, மாலையில் விளையாட்டு, இரவில் நோயியல் பாடப்புத்தகம் என்று நாள் முழுவதையும் பிறர் அளந்து கொடுத்துவிட்டபடியால், எனக்கென்று எஞ்சியது விடியலுக்கு முந்தைய இருட்டு மட்டுமே. வார நாட்களில் நான்கரை மணிக்கு எழுந்து எட்டு கிலோமீட்டர் ஓடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு மணிக்கே கிளம்பிவிடுவேன். அனுமதிச்சீட்டு இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்பதால் நீண்ட ஓட்டம் முழுவதையும் வளாகத்துக்குள்ளேயே முடிக்க வேண்டும். உள்சாலை ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓட வேண்டுமென்றால் பதினான்கு முறை அதே வேப்பமரம், அதே தண்ணீர்த் தொட்டி, அதே பின்வாசல்.

அந்தப் பின்வாசலில் துப்பாக்கியுடன் ஒரு காவலர் நின்றிருப்பார். இருட்டில் காலடி ஓசை கேட்டதும் "தம்! கோன் ஆதா ஹை?" (நில்! யார் வருவது?) என்று அதட்டுவது அவர் கடமை. நின்று, "தோஸ்த்" என்று பதில் சொல்லி, டார்ச் வெளிச்சத்தில் முகத்தைக் காட்டிவிட்டுப் போவது என் கடமை. பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இது நடந்தது. நான்கு மணி முதல் ஆறு மணி வரை அவருடைய முறை என்பதால், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரே மனிதரிடம் பத்து முறை நான் நண்பன்தான் என்று உறுதியளித்திருக்கிறேன். மூன்றாவது சுற்றுக்குப் பிறகாவது அடையாளம் தெரியாதா என்று நினைத்தேன். தெரிந்ததாம், ஆனால் விதி என்பது சுற்றுக் கணக்கில் தளர்வதில்லையாம். இதைப் பின்னாளில் அவரே சொன்னார்.

இரண்டாவது வாரம் ஐந்தாம் சுற்றில் ஒரு கல் தடுக்கி, "ஐயோ, அம்மா" என்று அலறிக்கொண்டு அவர் காலடியிலேயே விழுந்தேன். டார்ச் வெளிச்சம் என் முகத்தில் சற்று நேரம் நின்றது.

"தமிழா தம்பி?"

வேலூர்ப் பக்கத்துக்காரர். பதினேழு ஆண்டுகள் படையில் இருந்து ஓய்வு பெற்று, மறுபடியும் காவல் பணியில் சேர்ந்தவர். என்னைத் தூக்கி உட்கார வைத்து முழங்காலைத் துடைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "அப்படி என்ன தம்பி தப்பு பண்ணீங்க?" என்று கேட்டார்.

நான் ஒரு தவறும் செய்யவில்லை, நானாகத்தான் ஓடுகிறேன் என்றேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். பெரிய தப்பாகத்தான் இருக்கும், சொல்லக் கூச்சப்படுகிறான் என்று அந்த இடத்திலேயே அவர் தீர்மானித்துவிட்டதை அவருடைய அடுத்த சொற்களிலிருந்து புரிந்துகொண்டேன். "பரவால்ல. எல்லாம் சரியாப் போயிரும். வீட்ல தெரியுமா?"

அன்று முதல் அதட்டலும் 'தோஸ்த்'தும் முடிந்தபின், "இன்னும் எத்தனை தம்பி?" என்ற ஆறுதல் கேள்வி ஒன்றும் வழக்கத்தில் சேர்ந்தது.

ஓடுகிறவனுக்கு உடம்பில் எங்காவது வலி இருந்துகொண்டே இருக்கும். மருத்துவம் படிக்கிறவனுக்கு எந்த வலிக்கும் ஒரு நோயின் பெயர் தெரிந்திருக்கும். இரண்டும் ஒரே ஆளாக இருந்துவிட்டால் அவனுடன் அறையில் தங்குகிறவன் பாவம். என் அறைத்தோழன் ஹரியானாக்காரன், ஆழ்ந்து உறங்குகிறவன். ஒரு நாள் அவனை எழுப்பி, என் பாதத்தின் மேல்புறம் வலிக்கிறது, இது அணிநடை எலும்பு முறிவாகத்தான் இருக்க வேண்டும் என்று அறிவித்தேன். 1855-ல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்யப் படை மருத்துவர், நீண்ட தூரம் நடந்த சிப்பாய்களின் பாதங்கள் வீங்குவதைக் கவனித்து எழுதினார். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்டதே 1895-ல்தான் என்பதால், அந்த வீக்கத்துக்குக் காரணம் எலும்பில் விழுந்த நூலிழை விரிசல் என்பது அவர் எழுதி நாற்பது ஆண்டுகள் கழித்தே கண்ணுக்குத் தெரிந்தது. இதையெல்லாம் நான் விளக்கி முடித்தபோது, தோழன் படுத்தபடியே கையை நீட்டி என் ஷூவின் கயிற்றைத் தளர்த்திவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். வலி மறுநாள் இல்லை.

இதிலிருந்து நான் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு அடுத்த மாதம் நடந்ததே சாட்சி. ஒரு ஞாயிறு, இருபத்தாறு கிலோமீட்டர் ஓடி முடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனால், சிறுநீர் இளஞ்சிவப்பாக இறங்குகிறது. சாதாரண மனிதனாக இருந்தால் பயந்திருப்பான். எனக்கோ பயத்துக்கு முன்னால் ஒரு பெருமிதம் வந்தது. ஏனென்றால் அந்த வாரம்தான் அணிநடைச் சிறுநீர் என்று ஒன்றைப் படித்திருந்தோம். நீண்ட தூரம் நடக்கும்போதும் ஓடும்போதும் உள்ளங்காலின் இரத்தக் குழாய்களுக்குள் சிவப்பணுக்கள் நசுங்கி உடைய, அவற்றிலிருந்து வெளிப்படும் ஹீமோகுளோபின் சிறுநீரில் இறங்குவது. 1881-ல் ஃப்ளெய்ஷர் என்பவர் இதை முதன்முதலாக விவரித்தது ஓர் இளம் ஜெர்மானியச் சிப்பாயிடம்தான். சிப்பாய், நடை, சிவப்பு எல்லாம் பொருந்தியது. பாடப்புத்தகத்தின் ஒரு பத்தி என் உடம்பில் நிகழ்ந்துகொண்டிருந்தது.

மாதிரியை ஒரு சுத்தமான பாட்டிலில் எடுத்துக்கொண்டு, எம்.ஐ. ரூம் என்று நாங்கள் அழைக்கும் மருத்துவப் பரிசோதனை அறைக்குப் போனேன். பணியில் இருந்த மேஜர் மேடம், நான் ஃப்ளெய்ஷரிலிருந்து தொடங்கி, தசை நார் சிதைவு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகிய மாற்றுச் சாத்தியங்கள் வரை சொல்லி முடிக்கும் வரையில் இடைமறிக்காமல் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நேற்று இரவு மெஸ்ஸில் என்ன காய்?"

பீட்ரூட் சப்ஜி. பொதுவாக யாரும் தொடாத பண்டம் என்பதால், ஓடுகிறவனுக்கு நல்லது என்று எங்கோ படித்த நினைவில் நான் மட்டும் மூன்று கரண்டி வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தார். இரத்தமும் இல்லை, ஹீமோகுளோபினும் இல்லை. நோயாளி வந்தால் முதலில் வாயைத் திறந்து கேளுங்கள் என்று வார்டில் எங்களுக்குத் தினமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த நோயாளி நானாகவே இருந்தும் நான் கேட்கவில்லை.

அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் பீட்ரூட்டின் நிறம் எல்லோருக்கும் இப்படி இறங்காது, இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்குத்தான் அதிகம் இறங்கும் என்று சொல்லி, கையோடு இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார். குறைவாகத்தான் இருந்தது. மூன்று மாதத்துக்கு இரும்பு மாத்திரை. அந்த மாத்திரையால் அடுத்த வாரம் வேறொன்று கறுப்பாகப் போனபோது மட்டும் நான் யாரிடமும் போகவில்லை.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடியற்காலை ஓட்டம் சற்று நீண்டுவிட்டதால் ஃபால்-இன்னுக்கு இரண்டு நிமிடம் தாமதமாக வந்தேன். மாலையில் ஓடும்படி உஸ்தாத் பத்துச் சுற்று கொடுத்தார். மைதானம் ஒரு சுற்று நானூறு மீட்டர். ஆறாவது சுற்றில்தான் எனக்கு அந்த ஞானம் பிறந்தது: இது நான்கு கிலோமீட்டர், என் வாரக் கணக்கில் சேரும். அன்றிரவு பயிற்சி நோட்டில், 'காலை 8 கி.மீ. மாலை 4 கி.மீ. (உஸ்தாத் அருளியது)' என்று எழுதினேன். மறுவாரம் பாலிஷ் போடுவதில் கொஞ்சம் அலட்சியம் காட்டினேன். இரண்டு கிலோமீட்டர் கிடைத்தது.

என் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை உஸ்தாத் கவனிக்கவில்லை, தோழன் கவனித்துவிட்டான். அவனுக்கு முழங்கால் வலி, ஓட்டம் என்றால் வெறுப்பு, ஆனால் தவறு செய்வதில் தங்குதடையில்லாதவன். மாலை இருட்டில், ஒரே வெள்ளைப் பனியன், ஒரே வெட்டில் ஒட்ட வெட்டிய தலை. மைதானத்தின் அந்தப் பக்கம் ஓடுகிறவன் யார் என்று இந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரியாது, அவர் எண்ணுவது சுற்றுகளை மட்டுமே என்பது அவனுடைய கண்டுபிடிப்பு. அவனுடைய பத்துச் சுற்றை நான் ஓடினேன். கூலி, நான்கு வாழைப்பழம். செய்தி பரவியது. பக்கத்து அறைக்காரன் தன் பங்குச் சோற்றையே எழுதிக் கொடுத்தான். சப்பாத்தி நாட்டில் சோறு அளவாகத்தான் வரும் என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து போய்த் தங்கியவர்கள் அறிவார்கள். உடம்பில் சேர்த்துவைக்கக்கூடிய மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கலோரிக்கு மேல் தேறாது, முப்பது கிலோமீட்டரை ஒட்டி அது தீர்ந்து கால்கள் பூமியில் ஊன்றிப் போகும் என்று படித்திருந்த எனக்கு, அந்தச் சோற்றை மறுக்க மனம் வரவில்லை. நவம்பர் முடிவில் என் வாராந்திரத் தூரத்தில் நாலில் ஒரு பங்கு பிறர் செய்த பாவமாக இருந்தது.

அறிவாளி என்றால் இதை எழுதி வைத்திருக்க மாட்டான். நான் எழுதினேன். தேதி, தூரம், குற்றவாளி, கூலி என்று நான்கு பத்தி போட்டு, அளவுகோல் வைத்துக் கோடிழுத்து எழுதினேன்.

டிசம்பர் கடைசியில் அலமாரிச் சோதனை வந்தது. பயிற்சி அதிகாரி மடித்த சட்டைகளைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், திருப்தியாக நகர்ந்தவர் நோயியல் புத்தகத்தின் மேலிருந்த நோட்டை எடுத்தார். தமிழில் எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன். பெருமைக்கு ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அவர் நின்றபடியே உரக்க வாசிக்கத் தொடங்கினார். "உஸ்தாத் அருளியது" என்ற இடத்தில் பின்னால் நின்ற உஸ்தாதின் மீசை ஒருமுறை அசைந்தது. "சிறுநீர் சிவப்பு, ஃப்ளெய்ஷர்?" என்ற வரியையும், அதை அடித்துவிட்டு அடியில் எழுதியிருந்த "பீட்ரூட்" என்பதையும் அதிகாரி எந்த உணர்ச்சியும் காட்டாமல் வாசித்தார். "பத்துச் சுற்று, அறைத்தோழனுக்காக, வாழைப்பழம் நான்கு" என்று வந்தபோது தோழன் சாவ்தானில், அதாவது அசையாத விறைப்பு நிலையில், நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டான்.

"42.195 என்று எழுதியிருக்கிறாயே, அந்த 195 மீட்டர் எதற்கு?" என்று கேட்டார்.

1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச மாடத்தின் முன்னால் முடியும்படி அமைத்த தூரம் அது, 1921-ல் அதையே எல்லோருக்கும் நிலையான அளவாக்கிவிட்டார்கள், சார் என்றேன். ஒருமுறை ஒருவர் வசதிக்காக இட்ட உத்தரவு பிறகு நிரந்தர விதியாகிவிடுவது பற்றி ராணுவத்தில் இருப்பவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, அவர் தலையாட்டினார். இவனை ஓடவிட்டால் இவனுக்குத்தான் லாபம் என்று உஸ்தாத் தாழ்ந்த குரலில் நினைவூட்டினார். அதிகாரி நோட்டைக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பினார். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே, பந்தயத்துக்கு முந்தைய மிக நீண்ட ஓட்டம், 32 கி.மீ., என்று சிவப்பு மையில் எழுதி மூன்று முறை அடிக்கோடிட்டிருந்தேன்.

தோழனுக்கு அவனுடைய சுற்றுகள் அனைத்தையும் திரும்ப, அவனுடைய சொந்தக் காலில் ஓடும்படி தீர்ப்பானது. எனக்கு ஒரு நாற்காலி. ஞாயிறு அதிகாலை மூன்றரை முதல் எட்டரை மணி வரை, பணியறைக்கு வெளியே, உள்சாலையைப் பார்த்தபடி, அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். காலை ஆட்டக் கூடாது என்பது உஸ்தாத் தாமாகச் சேர்த்தது.

டிசம்பர் இறுதியில் புணேயின் விடியற்காலை, ஓடுவதற்கென்றே படைத்தது போல் குளிர்ந்திருக்கும். நான் உட்கார்ந்திருந்தேன். நான்கு மணி ஆனதும் கால்கள் தாமாகவே விறைத்துத் துடித்தன. நாடித்துடிப்பை எண்ணினேன்; நாற்பத்தாறு. கூடுதலாகக் கவலைப்படலாமா என்று யோசித்து, முந்தைய இரவு என்ன சாப்பிட்டோம் என்று முதலில் நினைத்துப் பார்த்து, விட்டுவிட்டேன். ஆறரை மணிக்குத் தோழன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லா ஹரியானா வசவுகளையும் புதிதாகச் சிலவற்றையும் உதிர்த்தபடி என்னைக் கடந்து ஓடினான். பின்னாலேயே என் சோற்றுக்காரன் ஓடினான்.

ஏழு மணிக்கு, முறை மாறி, துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுப் பின்வாசல் அண்ணன் அந்த வழியாக வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். நாற்காலியைப் பார்த்தார், அசையாமல் வைத்திருந்த என் கால்களைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"காலைலேர்ந்து ஆளைக் காணோமேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். தண்டனை முடிஞ்சிருச்சா தம்பி?"

"இல்லைண்ணே," என்றேன். "இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டிவிட்டு, உஸ்தாத் பார்க்காத நேரமாகப் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து மடியில் வைத்துவிட்டுப் போனார்.